வகையிடல், தொகையிடல்: சொல்லும் பொருளும்

டிஃபரன்சியேஷனை வகையிடல் என்கிறோம், இன்டகரேஷனைத் தொகையிடல் என்கிறோம். இரண்டும் நுண்கணிதத்தின் இரு பாதிகள். ஓர் அளவு இந்தக் கணத்தில் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்ப்பது வகையிடல். துளித்துளியான மாற்றங்களையெல்லாம் சேர்த்தால் மொத்தம் எவ்வளவு என்று பார்ப்பது தொகையிடல்.

ஒரு வண்டி ஓடிய தூரம், மீட்டரில், வினாடிக் கணக்கின் வர்க்கத்தைப் போல் 5 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். 3 வினாடியில் 45 மீட்டர். இதை வகையிட்டால் வேகம் கிடைக்கும்: நேரத்தின் 10 மடங்கு. அதாவது 3 வினாடி முடியும் கணத்தில் வினாடிக்கு 30 மீட்டர். 45-ஐ 3-ஆல் வகுத்தால் வரும் 15 வெறும் சராசரிதான். வகுத்தலையும் வகையிடலையும் குழப்பிக்கொள்பவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். சரி, அந்த வேகத்தை 0 முதல் 3 வரை தொகையிட்டால்? பழையபடி 45 மீட்டர். ஒன்று செய்ததை மற்றது திருப்பிவிடுகிறது.

முழுசாக அல்ல. வண்டி 7 மீட்டர் தள்ளி நின்று புறப்பட்டிருந்தாலும் வேகம் இதேதான். வகையிடும்போது அந்த 7 காணாமல் போய்விடும். 0 முதல் 3 வரை என்பதுபோல் எல்லை குறிக்காமல் தொகையிடும்போது விடையோடு ஒரு மாறிலியை (மாறாத ஓர் எண்ணை) சேர்ப்பது இதற்காகத்தான்.

டிஃபரன்சியேஷனின் வேர், வேறுபாட்டைக் குறிக்கும் 'டிஃபரென்ஷியா' என்ற லத்தீன் சொல். அடுத்தடுத்த இரு மதிப்புகளுக்கு இடையிலான மிகச்சிறிய வேறுபாட்டை மனதில் வைத்தே ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸ் அதை எடுத்தார். 1684-இல் அச்சான அவருடைய கட்டுரை வகையிடலைப் பற்றியது. இன்டகரலின் வேருக்கு 'முழுமை' என்று பொருள். ஆனால் அது லைப்னிட்ஸ் விரும்பிய சொல் அல்ல. அவருக்குத் தொகையிடல் என்றால் கூட்டல்தான். 1675-இல் அவர் எழுதிய தொகையிடல் குறியே, 'சும்மா' என்ற லத்தீன் சொல்லின் முதலெழுத்தை நீட்டிப் போட்டதுதான் (நம்முடைய சும்மா இல்லை, கூட்டுத்தொகை). இன்டகரலை 1690-இல் அச்சுக்குக் கொண்டுவந்தவர் சுவிஸ் கணித அறிஞர் யாக்கோப் பெர்னூலி. அதுவே நிலைத்துவிட்டது.

தமிழில் தொகை என்றாலே சேர்த்தது: கூட்டுத்தொகை, மக்கள்தொகை, குறுந்தொகை. லைப்னிட்ஸ் நினைத்ததற்கு இன்டகரலைவிட இதுவே நெருக்கம். வகை அவ்வளவு கச்சிதமில்லை. அதன் வேரான 'வகு' பிரிப்பதைச் சொல்கிறதே தவிர வேறுபாட்டைச் சொல்லவில்லை. ஆனாலும் தொகை, வகை என்பது தமிழ் இலக்கணத்தில் பழகிய இணை. தொகை வந்த இடத்தில் வகை இயல்பாக உட்கார்ந்துகொள்கிறது.

வகையிட்டுக் கிடைப்பது வகைக்கெழு, தொகையிட்டுக் கிடைப்பது தொகையீடு. வகையிடலுக்குப் பதில் 'வகைப்படுத்தல்' என்று மட்டும் எழுத வேண்டாம். அது இனம் பிரித்து அடுக்குவதற்கான சொல்.