உன்மேய்: ஊழா, விதியா, தலையெழுத்தா?

ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களான அனிமே பார்க்கிறவர்களின் காதில் அடிக்கடி விழும் ஜப்பானியச் சொற்களில் ஒன்று 'உன்மேய்'. சாதாரணப் பள்ளிக்கூடப் பெண்ணிடம் பேசும் பூனையோ பொம்மையோ வந்து ஒரு மந்திரக்கோலைக் கொடுக்கும். "இதுதான் உன் உன்மேய்" என்று சொல்லும். தமிழில் அதை 'விதி' என்று எழுதிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறோம். பல இடங்களில் அதுவே போதும். 'பிரின்சஸ் டூட்டூ' தொடருக்கு மட்டும் போதாது என்று நினைக்கிறேன். 26 பகுதிகள் கொண்ட அந்தத் தொடர் முழுக்க இந்த ஒரு சொல்லோடுதான் மல்லுக்கட்டுகிறது. அதனால் முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம்.

உன்மேய் இரண்டு சீன எழுத்துகளால் ஆனது. முதல் எழுத்தான 'உன்' சுமந்து செல்வதை, நகர்த்துவதைக் குறிக்கும். அந்த எழுத்தின் வடிவத்துக்குள்ளேயே வண்டியைக் குறிக்கும் எழுத்து ஒளிந்திருக்கிறது. ஜப்பானில் வண்டி ஓட்டுவதற்குச் சொல்லும் 'உன்தென்' என்ற அன்றாடச் சொல்லிலும் இதே எழுத்துதான் வருகிறது. இரண்டாவதான 'மேய்' என்றால் கட்டளை. அதற்குள் வாயைக் குறிக்கும் எழுத்து இருக்கிறது. ஒரு வாய் ஆணையிடுகிறது என்று பொருள். உயிர் என்பதற்கும் ஜப்பானியர்கள் இதே எழுத்தைத்தான் எழுதுகிறார்கள். அப்போது 'இனோச்சி' என்று வாசிப்பார்கள். பழைய சீனத்தில் வானம் இட்ட ஆணையால்தான் அரசர்கள் ஆண்டார்கள் என்று நம்பினார்கள். அந்த வானாணை என்ற சொல்லிலும் இந்த 'மேய்' உண்டு. ஆக, உன்மேய் என்பது நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு கட்டளை.

இதற்கு இரண்டு உறவுச் சொற்கள் உண்டு. ஒன்று 'சதமே'. இது சீனத்திலிருந்து வராத சொந்த ஜப்பானியச் சொல்; தீர்மானித்தல் என்ற வினையிலிருந்து வந்தது. பாட்டுகளில் உன்மேய் என்று எழுதிவிட்டு சதமே என்று பாடுகிற வழக்கமும் உண்டு. மற்றொன்று 'ஷுகுமேய்'. அதன் முதல் எழுத்துக்குத் தங்குமிடம், தங்கியிருத்தல் என்று பொருள். முற்பிறவியிலிருந்து நம்மிடம் வந்து தங்கிவிட்ட கட்டளை அது. பௌத்தத்தின் வாசனை அடிக்கிற சொல். ஷுகுமேய் மாறாதது, உன்மேய் மாறக்கூடியது என்று ஜப்பானியர்கள் பலர் வேறுபடுத்திப் பேசுவதைக் கேட்கலாம்.

இனி தமிழுக்கு வருவோம். நம்மிடம் ஊழ் இருக்கிறது, விதி இருக்கிறது, தலையெழுத்து இருக்கிறது. மூன்றையும் ஒன்றாகவே பேசிப் பழகிவிட்டோம், ஆனால் மூன்றும் வேறு வேறு ஊற்றிலிருந்து வந்தவை.

ஊழ் பழந்தமிழ்ச் சொல். முறை, முதிர்வு என்பவை அதன் அடிப்படைப் பொருள்கள். 'இணரூழ்த்தும் நாறா மலர்' என்று குறள் சொல்லும்போது கொத்தாக மலர்ந்தும் மணக்காத பூவைச் சொல்கிறது. அங்கே ஊழ்த்தல் என்றால் மலர்தல்தான். செய்த வினை காயாகிப் பழமாகி உரிய வேளையில் வந்து சேர்வதுதான் ஊழ். 'ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்' என்ற சிலப்பதிகார வரியில் இந்தப் பொருள் முழுதாக இருக்கிறது. ஷுகுமேய்க்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

விதி வடமொழியிலிருந்து வந்தது. வகுத்து வைத்தல், விதித்தல் என்பது அதன் வேர். அதனால்தான் இலக்கண விதி, சாலை விதி என்றும் சொல்கிறோம். சதமேக்கு இது சரியான இணை. கம்பனில் இராமன் இலக்குவனிடம், நாடிழந்தது யார் பிழையும் அன்று, 'விதியின் பிழை' என்கிறான். கொதித்துப்போன தம்பி, 'விதிக்கும் விதியாகும் என் வில்தொழில் காண்டி' என்று திருப்பிச் சொல்கிறான். விதியை எதிர்த்துத் தமிழில் எழுந்த குரல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

தலையெழுத்து இந்த இரண்டிலிருந்தும் விலகி நிற்கிறது. அதில் ஓர் ஆள் இருக்கிறார். அவர் கையில் எழுதுகோல் இருக்கிறது. பிரமன் ஒவ்வொருவர் தலையிலும் எழுதி அனுப்புகிறான் என்ற நம்பிக்கையிலிருந்து வந்த சொல். ஊழைப் படிக்க முடியாது, பட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். தலையெழுத்தோ ஒரு வாசகம். எழுதியவர் உண்டு, எழுதியவருக்கு ஒரு விருப்பமும் உண்டு.

இந்த வேறுபாடுதான் 'பிரின்சஸ் டூட்டூ'வுக்கு முக்கியம். 2002 ஆகஸ்ட் முதல் 2003 மே வரை ஜப்பானில் ஒளிபரப்பான தொடர் இது. மூலக் கருத்து இகுகோ இதோவுடையது, தலைமை இயக்குநர் ஜுனிச்சி சாதோ. இருவரும் அதற்கு முன் 'செய்லர் மூன்' தொடரில் வேலை செய்தவர்கள். மந்திரக்கோல், உருமாற்றம், பளபளக்கும் உடை எல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை. அந்த வகையின் பெயர் 'மஹோ ஷோஜோ', அதாவது மந்திரச் சிறுமி. (இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. மந்திரத்தைக் குறிக்கும் 'மஹோ'வில் வரும் 'ம' என்ற எழுத்து, புத்தருக்கு இடையூறு செய்த மாரனின் பெயரைச் சீனத்தில் எழுதுவதற்காகப் பிறந்தது. மணிமேகலை புத்தரை 'மாரனை வெல்லும் வீர' என்று போற்றுகிறதே, அதே மாரன்தான்.)

கதை ஜெர்மானியச் சிற்றூர் போன்ற ஓர் ஊரில் நடக்கிறது. திரோசல்மையர் என்ற கதாசிரியர் எழுதுவதெல்லாம் நிஜமாகிவிடும். பயந்துபோனவர்கள் அவருடைய கைகளை வெட்டிவிடுகிறார்கள். 'இளவரசனும் அண்டங்காக்கையும்' என்ற கதையை முடிக்காமலே அவர் சாகிறார். முடியாத கதையிலிருந்து இளவரசனும் அண்டங்காக்கையும் வெளியே குதித்துவிடுகிறார்கள். காக்கையைச் சிறைப்படுத்த இளவரசன் தன் இதயத்தையே உடைத்துவிட, துண்டுகள் ஊரெல்லாம் சிதறுகின்றன. எதையும் உணர முடியாதவனாக, மியூட்டோ என்ற பெயரில், அவன் பாலே நடனப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிறான்.

அவனைக் குளத்திலிருந்து பார்த்துப் பரிதவிக்கிறது ஒரு சின்ன வாத்து. செத்த பிறகும் கதையை விடாத திரோசல்மையர் அதற்கு ஒரு பதக்கத்தைக் கொடுத்துப் பெண்ணாக்குகிறார். பெயர் அஹிரு, ஜப்பானிய மொழியில் வாத்து என்றே பொருள். அவளே தேவைப்படும்போது நடன இளவரசி டூட்டூவாக மாறி, இதயத் துண்டுகளைச் சேர்த்துக் கொடுக்கிறாள். திரோசல்மையர் இரக்கத்தால் இதைச் செய்யவில்லை. அவருக்குச் சோக முடிவுகள்தான் பிடிக்கும். வாத்து அழ வேண்டும், கதை சுவைக்க வேண்டும், அவ்வளவே.

இப்போது பாத்திரங்கள் ஒவ்வொருவருக்கும் எழுதி வைத்திருப்பதைப் பாருங்கள். டூட்டூ தன் காதலைச் சொன்ன நொடியில் ஒளித்துளியாகி மறைந்துவிட வேண்டும். இளவரசனுக்குக் காவலாக நிற்கும் ஃபகீர், கதையில் வரும் வீரனைப் போலவே காக்கையின் நகங்களால் இரண்டாகக் கிழிபட்டுச் சாக வேண்டும். ரூ என்ற பெண் காக்கையின் மகளாக, யாராலும் நேசிக்கப்படாதவளாக வாழ வேண்டும். இவற்றில் எதுவும் அவர்களின் முன்வினைப் பயன் இல்லை; ஒருவர் உட்கார்ந்து எழுதியது. இதற்குப் பெயர் தலையெழுத்துதான்.

அவர்கள் அதை எப்படி எதிர்க்கிறார்கள் என்பதில்தான் இந்தத் தொடரின் அழகு இருக்கிறது. 13ஆம் பகுதியில், மியூட்டோவிடம் உன் காதலைச் சொல் பார்க்கலாம் என்று டூட்டூவை மடக்குகிறார்கள். சொன்னால் மறைந்துபோவாள். சொல்லாவிட்டால் இளவரசன் காக்கையின் பக்கம் போய்விடுவான். அவள் வாய் திறக்கவில்லை, ஆடுகிறாள். இருவர் சேர்ந்து ஆட வேண்டிய நடனத்தை, தூக்கிப்பிடிக்கத் துணை இல்லாமல், தடுமாறித் தடுமாறித் தனியாகவே ஆடி முடிக்கிறாள். சொல்லக் கூடாது என்றுதான் எழுதியிருந்தது. ஆடக் கூடாது என்று எழுதியவருக்குத் தோன்றவில்லை. மியூட்டோ புரிந்துகொள்கிறான்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அருணகிரிநாதர் நினைவுக்கு வருகிறார். கந்தரலங்காரத்தில், முருகன் 'கால்பட்டு அழிந்தது இங்கு என் தலைமேல் அயன் கையெழுத்தே' என்கிறார். அயன் என்றால் பிரமன். அவன் கையால் எழுதியதை முருகனின் கால் அழிக்கிறது. ஜப்பானியத் தொடருக்கும் அந்தப் பாட்டுக்கும் எந்த உறவும் கிடையாது, எழுத்து என்று ஒன்றை நினைத்துவிட்டால் அழிப்பதையும் மனிதர்கள் நினைத்துவிடுகிறார்கள் போலும். அருணகிரியில் அழிப்பது இறைவனின் அருள். அஹிருவுக்கு அருள் செய்ய யாரும் இல்லை. அழிக்கிற கால் அவளுடையதேதான். இந்த இடத்தில் அவள் வள்ளுவருக்குப் பக்கத்தில் போய் நிற்கிறாள்: 'ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித் தாழாது உஞற்று பவர்'. உப்பக்கம் என்றால் முதுகுப் பக்கம். ஊழைப் புறமுதுகிட்டு ஓட வைப்பார்கள் என்று பொருள். உஞற்றுதல் என்பது விடாமல் முயலுதல். 'ஊழிற் பெருவலி யாவுள' என்று 380ஆம் குறளில் கேட்ட அதே வள்ளுவர்தான் 620ஆம் குறளில் இப்படிச் சொல்கிறார். இரண்டையும் முரண் என்று பார்க்கத் தேவையில்லை. ஊழின் பலத்தை முழுசாக ஒப்புக்கொண்ட பிறகு வருகிற முயற்சிதான் அந்தக் குறளில் இருக்கிறது.

தொடரின் இன்னொரு முனையில் ஃபகீர் இருக்கிறான். அவன் திரோசல்மையரின் வம்சம். அவன் எழுதினாலும் நிஜமாகும். சிறு வயதில் அவன் எழுதிய ஒரு கதையாலேயே பெற்றோரை இழந்தான். அதனால் எழுதவே பயந்து வாளைத் தூக்கிக்கொண்டு திரிகிறான். கடைசியில் வாளை விட்டுப் பேனாவைப் பிடிக்கும்போது, திரோசல்மையர் அவன் கையைத் தன் வசமாக்கி அஹிருவின் சோக முடிவை எழுத வைக்கிறார். ஃபகீர் தன் கையையே குத்திக்கொண்டு நிறுத்துகிறான். தலையெழுத்தை எழுதுகிறவன் தன் கையைத் தானே தடுத்துக்கொள்வதை வேறு எந்தக் கதையிலும் நான் பார்த்ததில்லை.

கடைசிப் பகுதிக்கு வரும்போது இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது: 'கிபோ'. இதன் முதல் எழுத்துக்கு அரிதானது என்று பழைய பொருள். விரும்புதல் என்ற பொருளும் உண்டு. இரண்டாவது தொலைவை நோக்கிப் பார்ப்பது. முழுநிலவுக்கும் அந்த எழுத்து உண்டு. கிடைப்பதற்கு அரிதானதைத் தூரத்தில் பார்த்துக்கொண்டிருத்தல் என்று இதை விரிக்கலாம். தமிழில் நம்பிக்கை என்கிறோம். ஒருவர்மேல் வைக்கிற நம்பிக்கைக்கும் இதே சொல்லைத்தானே பயன்படுத்துகிறோம், குழப்பமாகாதா என்று சிலர் கேட்பார்கள். 'எதிர்பார்ப்பு' என்று மாற்றுகிறவர்களும் உண்டு. வேண்டாம். எதிர்பார்ப்பில் கணக்கு இருக்கிறது. கிடைக்காவிட்டால் ஏமாற்றம் என்று முடிந்துவிடும். நம்பிக்கையின் வேர் ஆழமானது. தொல்காப்பிய உரியியல் 'நம்பும் மேவும் நசையாகும்மே' என்கிறது. நம்பு என்றால் அன்றைக்கு விருப்பம், ஆசை. நம்பிக்கை என்ற சொல்லின் அடியில் ஓர் ஆசை எப்போதோ இருந்திருக்கிறது. கிபோவுக்கு அது போதும்.

அஹிருவின் பதக்கம்தான் இதயத்தின் கடைசித் துண்டு என்பது தெரிந்துவிடுகிறது. அதைத் திருப்பிக் கொடுத்தால் டூட்டூவும் இல்லை, பெண்ணும் இல்லை. கொடுக்கிறாள். மறுபடி வாத்தாகிறாள். இளவரசனே தளர்ந்துபோயிருக்கிறான். ஊர் மக்கள் காக்கைகளாகிவிட்டார்கள். அப்போது அந்தச் சின்ன வாத்து மந்திரம் எதுவும் இல்லாமல், குட்டைக் கால்களோடு, பாலே ஆடத் தொடங்குகிறது. காக்கைகள் கொத்துகின்றன. விழுகிறது. எழுந்து ஆடுகிறது. மறுபடி கொத்துகின்றன. மறுபடி எழுகிறது. ஃபகீர் எழுதிக்கொண்டிருக்கிறான். அவன் எழுதுவதால் அவள் எழுகிறாளா, அவள் எழுவதால் அவனால் எழுத முடிகிறதா? எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. எழுத்து நடனத்தைப் பின்தொடர்கிறது. அதைப் பார்த்து இளவரசனுக்குத் துணிச்சல் திரும்புகிறது; காக்கை வீழ்கிறது; யாராலும் நேசிக்கப்படாதவள் என்று எழுதப்பட்டிருந்த ரூ இளவரசனின் துணையாகிறாள். அஹிரு வாத்தாகவே இருந்துவிடுகிறாள். இதைச் சோக முடிவு என்று வருந்துகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அவளுக்கு எழுதி வைத்திருந்தது ஒளித்துளியாக மறைவது. அவளோ மறையவில்லை.

சரி, மொழிபெயர்ப்பவர்களுக்கு என்ன சொல்வது? சதமே வந்தால் விதி. ஷுகுமேய் வந்தால் ஊழ் அல்லது ஊழ்வினை. உன்மேய் வந்தால் கதையைப் பாருங்கள்: கண்ணுக்குத் தெரியாத ஆற்றல் நடத்துகிறதென்றால் விதி போதும்; ஒருவர் எழுதி வைத்த கதைக்குள் பாத்திரங்கள் மாட்டிக்கொண்டிருந்தால் தலையெழுத்து. வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். 'உன்மேயை மாற்றுதல்' என்று வந்தால் 'தலையெழுத்தை மாற்றி எழுதுதல்' என்று நம் வாயில் இயல்பாக வருவதையே எழுதிவிடலாம். 'உன்மேய்க்கு சகராவு' என்று வந்தால் கொஞ்சம் நில்லுங்கள். சகராவு என்றால் ஓட்டத்துக்கு எதிராகப் போவது. 'விதியை வெல்லுதல்' என்று எழுதினால் வெற்றி கிடைத்துவிட்டது போல் ஆகிவிடும். 'எதிர்த்து நிற்றல்' என்பதே சரி. தலையெழுத்து பேச்சு வழக்குச் சொல்லாயிற்றே, "எல்லாம் என் தலையெழுத்து" என்று சலித்துக்கொள்ளும் தொனி வந்துவிடாதா என்ற தயக்கம் நியாயமானது. அந்தச் சலிப்புத் தொனி வரும் இடங்களில் 'எழுதிவைத்தது' என்று விரித்து எழுதலாம். ஃபகீர் விஷயத்தில் மட்டும் ஒரு விலக்கு உண்டு. அவனைப் பழைய வீரனின் மறுபிறவியாகப் பார்க்கும் முற்பகுதிகளில் ஊழ்வினை என்றே போடலாம். அவன் பேனாவைக் கையில் எடுத்த பிறகு அந்தச் சொல் பொருந்தாது.