இறாக்கை காலியானபோது அரிசி எங்கே இருந்தது?

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. கோவிட் பரவலால் நான்கு நாளாகப் பூட்டிக் கிடந்த கொழும்பில் ஊரடங்கைச் சில மணி நேரத்துக்குத் தளர்த்தியிருந்தார்கள். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனையில் இருக்கும் பலசரக்குக் கடைக்கு நான் போனபோது வரிசை பிரதான சாலையான காலி வீதியைத் தொட்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று உள்ளே நுழைந்தால், அரிசி மூட்டை அடுக்கியிருக்கும் மூலையில் வெறும் சாக்குத்தான் கிடந்தது. பருப்பு வைக்கும் இறாக்கையில் கிழிந்த பொலித்தீன் பை ஒன்று. முதலாளி என் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார்: "பருப்பு முடிஞ்சுது தம்பி. ரின்மீனும் இல்லை. லொறி எப்ப வருமெண்டு எனக்கே தெரியாது."

நாட்டில் சாப்பாடே தீர்ந்துவிட்டதோ என்று அன்று உண்மையிலேயே பயந்தேன். ஆனால் மார்ச் மாதம் என்பது பெரும்போக அறுவடை முடிகிற காலம். பொலன்னறுவையிலும் அம்பாறையிலும் நெல் அப்போதுதான் ஆலைகளுக்கு வந்துகொண்டிருந்தது. கொழும்புத் துறைமுகம் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. மலையகத்திலும் தம்புள்ளைப் பக்கமும் மரக்கறியை வாங்க ஆளில்லாமல் விவசாயிகள் தவித்தார்கள். அப்படியானால் எங்கள் கடையில் இருந்த அரிசி எங்கே போனது?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கடையை நம்பி 200 வீடுகள் இருக்கின்றன என்று வையுங்கள். வீட்டுக்கு வாரம் 5 கிலோ அரிசி. வாரத்துக்கு 1,000 கிலோ, நாளுக்குச் சுமார் 143 கிலோ. எல்லோரும் ஒரே நாளில் வருவதில்லை. ஒருவர் திங்கள் வருவார், இன்னொருவர் சம்பளம் எடுத்த பின் வருவார். அதனால் மூன்று நாள் சரக்கு, அதாவது 430 கிலோ, கையில் இருந்தாலே கடை நிம்மதியாக ஓடும். அதற்கு மேல் வைக்கக் கொழும்புக் கடைகளில் இடமும் கிடையாது. வைத்தால் காசும் முடங்கும், வண்டும் வரும். சரக்கு முடிந்தால் எட்டு ஒன்பது கிலோமீற்றரில் மொத்த வியாபாரம் நடக்கும் புறக்கோட்டை இருக்கிறது; நாலாம் குறுக்குத் தெருவுக்கு ஒரு சின்ன லொறியை அனுப்பினால் போதும்.

இப்போது ஊரடங்கு என்ற செய்தி வருகிறது. ஒவ்வொரு வீடும் வழக்கமான ஒரு பையோடு இன்னும் ஒரே ஒரு பை கூடுதலாக எடுக்க நினைக்கிறது. 10 கிலோ, 200 வீடு, 2,000 கிலோ. இருப்பதோ 430. முதலில் வந்த 43 வீடுகளுக்கு இரண்டு வாரத்துக்கான அரிசி கிடைக்கும்; மற்ற 157 வீடுகள் வெறுங்கையோடு திரும்பும். இதில் யாரும் மூட்டை மூட்டையாகப் பதுக்கவில்லை. ஒருவரும் வழக்கத்தைவிட ஒரு பிடி கூடுதலாகச் சாப்பிடவும் இல்லை. கடையில் இருந்த அரிசி 43 சமையலறைகளுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். ஆனால் காலி இறாக்கையைப் பார்த்த 157 பேரும் அடுத்த முறை இன்னும் முன்னதாக வருவார்கள், இன்னும் ஒரு பை கூட எடுப்பார்கள். தட்டுப்பாடு வரும் என்ற நம்பிக்கையே தட்டுப்பாட்டைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

வரிசைக்கும் இதேபோல ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு காசாளர் மணிக்கு 20 பேரை அனுப்பக்கூடியவர் என்று வையுங்கள். மணிக்கு 10 பேர் வந்தால், சராசரியாக அவர் முன்னால் ஒருவர்தான் நிற்பார். 16 பேர் வந்தால் 4 பேர். 18 பேர் என்றால் 9 பேர். 19 பேர் என்றால் 19 பேர்! வருகிறவர்கள் கொஞ்சம்தான் கூடினார்கள், வரிசை பாம்பாக நீண்டுவிட்டது. ஆட்கள் சீராக வருவதில்லை, ஒருவருக்குக் கணக்குப் பார்க்க எடுக்கும் நேரமும் சீராக இல்லை. விழுந்த தாமதத்தை ஈடுகட்ட ஓய்வு நேரம் மிஞ்சாதபோது தாமதம் தாமதத்தின் மேல் ஏறிக்கொள்கிறது. கணிதத்தில் இதற்கு வரிசைக் கோட்பாடு என்று பெயர். ஒரு வாரத்து வாங்கலைச் சில மணி நேரத்துக்குள் அமுக்கினால் என்ன நடக்கும் என்பதை அன்று காலி வீதி காட்டியது.

புயலோ வெள்ளமோ வந்தால் வரிசையில் நிற்பது வெறும் சிரமம். தொற்று நோய்க் காலத்தில் அந்த வரிசையே நோய் கை மாறும் இடம். அதனால்தான் வீட்டில் கொஞ்சம் சாமான் இருப்பதை நான் சுகாதார விஷயமாகவே பார்க்கிறேன். வாரம் மூன்று முறை கடைக்குப் போகிற ஒருவர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போனால், ஆறு தடவை கூட்டத்தில் நின்றது ஒரு தடவையாகக் குறைகிறது.

சரி, கடைக்குப் பின்னால் என்ன நடக்கிறது? அங்கே சிக்கல் இன்னும் பெரிதாகிறது. கடைக்காரர் வழக்கமாக வாரம் ஒரு மூட்டைப் பருப்பு எடுப்பவர். இரண்டு மூட்டை விற்றதும், அடுத்த வாரமும் இப்படித்தான் இருக்கும் என்று மூன்று கேட்கிறார். மூன்றையும் தரமாட்டார்கள் என்று நினைத்தால் நான்காகக் கேட்கிறார். எல்லாக் கடைகளும் இப்படிக் கேட்க, மொத்த வியாபாரி இறக்குமதியாளரிடம் இன்னும் கூட்டிக் கேட்கிறார். சாட்டையின் பிடியைச் சின்னதாக அசைத்தால் நுனி ஆளுயரத்துக்குத் துள்ளுவதுபோல, சமையலறையில் தொடங்கிய சின்ன அசைவு மேலே போகப் போகப் பெரிதாகிறது. அமெரிக்காவில் ஜே ஃபோரஸ்டர் என்ற பொறியியலாளர் 1950களின் இறுதியிலேயே இதை விளக்கினார். இன்று அதன் பெயர் சாட்டை விளைவு. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் குழந்தை அணையாடைகளில் இதைக் கவனித்தது: குழந்தைகள் நாள்தோறும் ஒரே அளவில்தான் நனைக்கின்றன, ஆனால் தொழிற்சாலைக்கு வந்த ஓடர்கள் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

மைசூர் பருப்புக்கு இதன் மேல் இன்னொரு அடியும் விழுந்தது. நாம் சமைக்கும் இந்தப் பருப்பில் மிகப் பெரும்பகுதி கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் விளைவது. கப்பலில் வாரக்கணக்கில் வருவது. 2020 மார்ச் 17இல் அப்போதைய ஜனாதிபதி பருப்புக்குக் கிலோ 65 ரூபா, ரின்மீனுக்கு 100 ரூபா என்று உச்ச விலை அறிவித்தார். எளிய வீடுகளுக்கு உதவும் எண்ணம்தான். ஆனால் ஏற்கெனவே கூடிய விலைக்கு வாங்கி வைத்திருந்த கடைக்காரர் நட்டத்துக்கு விற்கவேண்டி வந்தது, வாங்குகிறவருக்கோ இன்னும் இரண்டு கிலோ எடுக்கலாம் என்று தோன்றியது. வாங்கும் தேவை கூடி, வரத்துக் குறைந்தது. பல கடைகளில் அந்த இரண்டும்தான் முதலில் காணாமல் போயின.

மஞ்சளின் கதை இதைவிடப் பாடமானது. கிருமி நாசினி என்று நம்பி வாசலுக்கும் கேற்றுக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். அதே ஆண்டில் மஞ்சள் இறக்குமதியும் நிறுத்தப்பட்டது. கிலோ சில ஆயிரம் ரூபாவைத் தாண்டியது. மன்னார், கற்பிட்டிக் கரைகளில் கடத்தல் மஞ்சள் பிடிபட்டது. உள்ளூரில் நட்டால் என்ன என்று கேட்டால், நடலாம், ஆனால் மஞ்சள் கிழங்கு முற்ற எட்டு ஒன்பது மாதம் வேண்டும். பயம் ஒரே மாலையில் பரவுகிறது, செடி அதன் வேகத்தில்தான் வளரும்.

இனி வீட்டுக்கு வருவோம். எவ்வளவு வைத்திருந்தால் போதும்? கோவிட் காலத்தில் ஒரு வீட்டைத் தனிமைப்படுத்தினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்ன கணக்கு 14 நாள். கிருமி உடம்புக்குள் போய் அறிகுறி தெரிய எடுக்கும் காலத்தை வைத்து வந்த எண் அது. என் பார்வையில் சமையலறைக்கும் அதுவே நல்ல அளவு. தலைக்கு நாளுக்கு 250 கிராம் அரிசி என்றால் நான்கு பேருக்கு 14 நாளுக்கு 14 கிலோ. 50 கிராம் பருப்பு என்றால் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ரின்மீன், நெத்தலிக் கருவாடு, சீனி, உப்பு, தேங்காய் எண்ணெய், பால்மா என்று உங்கள் வீட்டில் உண்மையாகவே செலவாகும் சாமான்களுக்கும் இதேபோலக் கணக்குப் பார்க்கலாம். வழக்கமாகச் சாப்பிடாததை வாங்கி அடுக்காதீர்கள். அது காலாவதியாகும் வரை அங்கேயே இருக்கும். தேங்காயை உரித்தால் குடுமியைப் பிய்க்காமல் வையுங்கள். கண்களை மூடிக் காப்பது அதுதான்.

மருந்துக்கும் இதே அளவு பொருந்தும். அந்த ஊரடங்கில் அரச ஆஸ்பத்திரிக் கிளினிக் மருந்துகளைத் தபாலில் வீடு தேடி அனுப்பினார்கள், பெரிய உதவி. ஆனாலும் அது வந்து சேரும் வரை சமாளிக்கச் சீனி வருத்தக்காரருக்கும் பிறஷர்காரருக்கும் இரண்டு வாரக் குளிசை கையில் இருக்கவேண்டும்.

எங்கள் அம்மம்மா இதை இரண்டு வாளியால் செய்தார். மூடி உள்ள, ஒரே அளவான இரண்டு வாளி. ஒன்றில் இருந்து சமையல். மற்றது நிறைந்து மூடியபடி இருக்கும். முதல் வாளி அடி தட்டியதும் இரண்டாவதைத் திறப்பார். அன்றைக்கே கடைக்கு ஆள் அனுப்பி, காலியானதைத் துடைத்து நிரப்பி வைப்பார். எவ்வளவு மிச்சம், எப்போது வாங்கவேண்டும் என்று யோசிக்கவே தேவையில்லை. காலி வாளியே சொல்லிவிடும். பெரிய தொழிற்சாலைகள் ஆணிக்கும் நட்டுக்கும் இதே இரட்டைப் பெட்டி முறையைத்தான் வைத்திருக்கின்றன என்று பின்னாளில் படித்தபோது அவர் நினைவுதான் வந்தது.

வாளி இரண்டு வாரத்துக்கான அளவாக இருப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அது அரிசி வண்டோடு சம்பந்தப்பட்டது. மூன்று மில்லிமீற்றர் நீளமான, மூக்கு நீண்ட அந்தக் கபில நிற வண்டை எல்லோரும் பார்த்திருப்போம். "இறுக்கி மூடித்தானே வைத்தேன், எப்படி உள்ளே போனது?" என்று கேட்காதவர் இல்லை. பெரும்பாலும் அது வெளியில் இருந்து போகவில்லை. வாங்கும்போதே அரிசிக்குள் இருந்தது. பெண் வண்டு தன் மூக்கால் ஒரு மணியில் துளை போட்டு, உள்ளே ஒரு முட்டை வைத்து, பசை போன்ற சுரப்பால் வாயை அடைத்துவிடும். கழுவினாலும் தெரியாது. புழு அந்த மணிக்குள்ளேயே தின்று, கூட்டுப்புழுவாகி, கொழும்பு வெக்கையில் சுமார் ஒரு மாதத்தில் வண்டாகத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஒரு பெண் வண்டு வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஆகவே முதல் மாதத்தில் நாலைந்து வண்டு, மூன்றாம் மாதத்தில் வாளி முழுவதும். இரண்டு வாளி முறையில் எந்த அரிசியும் நான்கு வாரத்துக்கு மேல் வீட்டில் தங்காது. ஒரு தலைமுறை வண்டு பெருகுவதற்குள் அரிசி சோறாகிவிடும்.

ஈரம் இந்த வண்டுக்குத் துணை. தானியத்தில் ஈரம் 12, 13 சதவீதத்துக்கு மேல் போனால் வண்டும் பூஞ்சணமும் கொண்டாட்டமாக வளரும். கடற்கரை நகரமான கொழும்பில் காற்றே ஈரம். திறந்த சாக்கில் வைத்தால் அரிசி அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் காற்றுப் புகாத மூடியும், வாளியை விளிம்பு வரை நிரப்புவதும் முக்கியம். உள்ளே காற்று குறைவாக இருந்தால் இருக்கிற ஒட்சிசனை வண்டே மூச்சு விட்டுத் தீர்த்து முடங்கிப்போகும். பிரிட்ஜில் உறைநிலைப் பெட்டி இருந்தால் சின்னப் பைகளை ஒரு வாரம் அதில் வைத்து எடுங்கள். மணிக்குள் இருக்கும் முட்டையும் செத்துவிடும். ஆனால் வெளியே எடுத்தபின், குளிர் போய்ப் பையின் மேல் படிந்த ஈரம் காயும் வரை திறக்கவேண்டாம்.

பயறையும் கௌபியையும் தாக்குவது வேறு வண்டு. அது முழு விதையின் தோலில் முட்டை ஒட்டுவது. உடைத்த பருப்பில் எளிதில் பெருகாது. தீட்டாத சிவப்புப் பச்சையரிசியில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் அது சீக்கிரம் காறல் வாசம் அடிக்கும்; நெடுநாள் வைக்கப் புழுங்கல் அரிசிதான் நல்லது.

இவ்வளவையும் எப்போது வாங்குவது? செய்தி வந்த மாலையில் அல்ல. ஊர் அமைதியாக இருக்கும்போது, வாரம் ஒரு கிலோ கூடுதலாக. முதலில் பார்த்த 200 வீடும் இப்படிச் செய்தால் கடைக்காரருக்கு வாரம் 1,000 கிலோ 1,200 ஆகும். அதை அவரும் ஆலையும் லொறியும் எளிதாகச் சமாளிப்பார்கள், சாட்டை துள்ளாது. பிறகு ஒரு நாள் ஊரடங்கு வருகிறது என்று வையுங்கள். 100 வீடுகளில் இரண்டாவது வாளி நிறைந்திருக்கிறது, அவர்கள் வரமாட்டார்கள். வந்த 100 வீட்டுக்கும் ஆளுக்கு 5 கிலோதான் என்று முதலாளி சொன்னால், அதே 430 கிலோ 86 வீடுகளுக்குப் போகும். மிச்சம் 14 வீடு அடுத்த லொறி வரை காத்திருந்தால் சரி. முன்பு 157 பேர் வெறுங்கையோடு போன அதே கடைதான் இது.

இரண்டாவது வாளியை நிரப்பவே முடியாத வீடுகள் இருக்கின்றன. கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் கிராண்ட்பாஸிலும் நாட்சம்பளத்தில் வாழ்பவர்கள் கால் கிலோ பருப்பு, நூறு கிராம் சீனி, பாதித் தேங்காய் என்று அன்றன்றைக்குத்தான் வாங்குகிறார்கள். ஊரடங்கில் வேலை நின்றது, அரசின் 5,000 ரூபா கொடுப்பனவு வந்தது. அதை எத்தனை நாளுக்கு இழுப்பது? அவர்களுக்குக் கடை இறாக்கைதான் இரண்டாவது வாளி. வசதி உள்ள நான் கடைசி நேரத்தில் ஓடிப்போய் எடுக்கும் அந்தக் கூடுதல் பை, அவர்கள் வாளியில் இருந்து எடுப்பது.

ஏப்ரலில் ஒரு நாள் எங்கள் கடைக்குப் பருப்பு வந்தது. ஒரே ஒரு மூட்டை. முதலாளியும் மகனும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தரையில் இருந்து, அதைக் கால் கிலோ, கால் கிலோவாக நிறுத்துப் பொலித்தீனில் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு கிலோ கேட்டேன். அவர் கொப்பியைத் திறந்து, கடனுக்குச் சாமான் எடுப்பவர்களின் பெயர்களை விரலால் எண்ணிப் பார்த்தார். அப்புறம் இரண்டு பையை எடுத்து என் கையில் வைத்தார்.