‘டிராக்’ என்றால் இழுவையா?

ஒரு மொழிபெயர்ப்பில் ‘இழுவை ராணி’ என்று படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் விழித்தேன். நமக்கு இழுவை என்றால் டிராக்டர், இல்லையென்றால் முடியவே முடியாத மெகா சீரியல். அப்புறம்தான் புரிந்தது, ‘டிராக் குவீன்’ (drag queen) என்பதை யாரோ ஒருவர் அல்லது ஏதோ ஓர் இயந்திரம் சொல்லுக்குச் சொல் பிடுங்கி நட்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ‘இழுவை’ முழுக்கத் தப்பும் இல்லை.

முதலில் பொருள். ஒரு பாலினத்துக்குரிய உடை, ஒப்பனை, நடை, குலுக்கல், முறைப்பு எல்லாவற்றையும் எடுத்து, இரண்டு மடங்காக ஊதி, மேடையில் ஆடிக் காட்டும் கலைதான் டிராக். ஆண் பெண்ணாக வந்தால் குவீன், பெண் ஆணாக வந்தால் கிங் என்பது பழைய கணக்கு. இன்று பெண்ணே பெண்ணை ஊதிப் பெருக்கி ஆடுவதும் உண்டு, இரண்டிலும் சேராமல் மூக்கில் கொம்பு வைத்துக்கொண்டு வருவதும் உண்டு. நியூயார்க் பார்களில் இதன் பக்குவம் கொஞ்சம் சமையலறை மாதிரி. பள்ளிப் பிள்ளைகள் காகிதம் ஒட்டும் பசைக்குச்சியைப் புருவத்தின் மேல் தேய்த்து, முடியைப் படிய வைத்து, காய்ந்ததும் பவுடர் போட்டு மறைத்து, அதற்கு ஒரு விரற்கடை மேலே புதுப் புருவம் வரைவார்கள். சோபாவுக்குள் வைக்கிற ஃபோமை வெட்டி இடுப்புக்கு வைப்பார்கள். பதிவுசெய்த பாட்டு ஓட, வாயசைப்பு மட்டும் இவர்களுடையது. பார்ப்பவர்கள் டாலர் நோட்டை நீட்ட, ஆட்டம் நிற்காமலே அதை வாங்கிக்கொள்வார்கள். திருவிழா நாடகத்தில் நடிகரின் சட்டையில் பத்து ரூபாய் நோட்டைக் குத்தி, மைக்கில் பேரைச் சொல்லச் சொல்கிறவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் அந்நியம் இல்லை.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? பரவலாக ஒப்புக்கொள்ளப்படும் விளக்கம் லண்டன் நாடகக்காரர்களின் பேச்சுவழக்கைக் காட்டுகிறது. பெண் வேடம் போட்ட நடிகரின் நீளப் பாவாடை தரையில் இழுபட்டுக்கொண்டே வரும், அந்த இழுபடலே உடைக்குப் பெயராகி, அப்புறம் ஆட்டத்துக்கும் பெயராகிவிட்டது. இந்தப் பொருளில் இந்தச் சொல் அச்சில் தென்படத் தொடங்குவது 1870-இல். அதே ஆண்டு ஏப்ரலில்தான் எர்னஸ்ட் போல்ட்டன், ஃபிரெடரிக் பார்க் என்ற இருவர் பெண் உடையில் ஸ்ட்ராண்ட் தியேட்டருக்குப் போய்விட்டு வெளியே வரும்போது பிடிபட்டார்கள். ஊரே சிரித்து, ஊரே முகம் சுளித்த வழக்கு. மறு ஆண்டு ஜூரிகள் விடுதலை செய்தார்கள்.

ஷேக்ஸ்பியர் தன் நாடகப் பிரதியின் ஓரத்தில், ‘பெண் போல உடுத்தியவர்’ என்று பொருள்படும் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ‘டிராக்’ என்று குறித்தார் என்றொரு கதை சுற்றுகிறது. ஆதாரம் கிடையாது. பழைய சொல்லுக்கு முதலெழுத்துக் கணக்கில் விளக்கம் சொல்கிறவர்களை நான் எப்போதும் கொஞ்சம் தள்ளி நின்றே பார்ப்பேன்.

அமெரிக்காவில் டிராக் ராணி என்று தன்னைத்தானே அழைத்துக்கொண்டவர்களில் முதலாமவர் என்று வில்லியம் டோர்சி ஸ்வானைச் சொல்கிறார்கள். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். 1888 ஏப்ரலில் வாஷிங்டனில் அவர் நடத்திய விருந்தில் போலீஸ் புகுந்தது. ஆனால் இந்தச் சொல் தெருப்பேராக, தொழிலாக, குடும்பமாக வளர்ந்தது நியூயார்க்கில். ஹார்லம் பகுதியில் ஹாமில்ட்டன் லாட்ஜ் என்ற கறுப்பினச் சங்கம் 1869 முதல் ஆண்டுதோறும் மாறுவேட நடன விழா நடத்திவந்தது. 1920-களில் 155-ஆம் தெரு ராக்லண்ட் பேலஸில் அது நடந்தபோது ஆயிரக்கணக்கில் கூட்டம், ஆடுகிறவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகம்.

ஏன் ‘மாறுவேட நடனம்’ என்ற போர்வை? இங்கேதான் எனக்குப் பிடித்த கதை இருக்கிறது. 1840-களில் ஹட்சன் பள்ளத்தாக்கின் குத்தகை விவசாயிகள் நிலக்கிழார்களுக்குக் குத்தகை கொடுக்க மறுத்தார்கள். வசூலிக்க வந்த அதிகாரிகளை முகத்தில் சாயம் பூசி, காலிக்கோ அங்கி மாட்டிக்கொண்டு விரட்டினார்கள். (காலிக்கோ, நம்ம கோழிக்கோட்டிலிருந்து பேர் வாங்கிய துணி.) அவர்களை அடக்க 1845-இல் நியூயார்க் மாநிலம், முகத்தை மறைத்தோ மாறுவேடத்திலோ பொது இடத்தில் கூடினால் குற்றம் என்று சட்டம் போட்டது. போலீஸ் அனுமதியோடு நடக்கும் மாறுவேட விருந்துக்கு மட்டும் விலக்கு. விவசாயிகள் போய்விட்டார்கள், சட்டம் போகவில்லை. நூறு வருடம் கழித்தும் தெருவில் பாவாடையோடு நடந்த ஆணை இதைச் சொல்லியே பிடித்தார்கள். மண்டபத்துக்குள் ராணி, வாசல்படி தாண்டினால் கைதி. கடைசியில் இந்தச் சட்டம் நீக்கப்பட்டது 2020-இல், அதுவும் கொரோனாவுக்காக எல்லோரும் முகக்கவசம் போட வேண்டியிருந்ததால்!

அதே நகரத்தின் இன்னொரு முகம்: பெண் வேடத்துக்கே புகழ்பெற்ற ஜூலியன் எல்ட்டிஞ்சின் பெயரில் 1912-இல் 42-ஆம் தெருவில் ஒரு நாடக அரங்கமே எழுந்தது. 1998-இல் அந்தக் கட்டடத்தை இடிக்காமல் தண்டவாளத்தில் ஏற்றி, சுமார் 170 அடி நகர்த்தி, ஒரு மல்டிபிளெக்ஸின் நுழைவாயிலாக்கினார்கள். டிராக் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு கட்டடத்தை இழுத்திருக்க முடியாது.

1967-இல் நியூயார்க் டவுன் ஹாலில் நடந்த டிராக் அழகிப்போட்டியில் கறுப்பினப் போட்டியாளர் கிரிஸ்டல் லபேஜா, வெள்ளைக்காரிக்குத்தான் கிரீடம் என்று முன்பே முடிவாகிவிட்டது எனச் சீறிவிட்டு இறங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் ஹவுஸ் ஆஃப் லபேஜா பிறந்தது. ஹவுஸ் என்பது வீடேதான். பெற்றவர்கள் துரத்திய பிள்ளைகளுக்கு அங்கே ஒரு அம்மா இருப்பார். திருநங்கைகளின் ஜமாத்தில் அம்மா, மகள் முறை வைத்துப் பழகுவதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1980-களில் காற்று மன்ஹாட்டனின் கிழக்குப் பக்கம் வீசியது, அவென்யூ ஏ-யில் பிரமிட் கிளப், பக்கத்திலேயே டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் டிராக் குவீன் லேடி பன்னி நடத்திய ‘விக்ஸ்டாக்’ விழா. வுட்ஸ்டாக் இசைவிழாவின் தலையில் விக்கை மாட்டிய பெயர். பகலில், பூங்காவில், குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் ராத்திரிக் கலை.

இனி தமிழுக்கு வருவோம். ‘மாறுவேடம்’ என்று எழுதுகிறார்கள், எனக்கு ஒப்பவில்லை. மாறுவேடம் ஆளை மறைப்பதற்கு. ராஜா நகர்வலம் போக, திருடன் தப்பிக்க. டிராக் ஆளை மறைப்பதில்லை, விளக்கைப் போட்டு ‘என்னைப் பார்’ என்கிறது. 1845 சட்டத்துக்குப் புரியாமல் போனது இந்த வித்தியாசம்தான். ‘திருநங்கை’ என்று எழுதுவது அதைவிடப் பெரிய தவறு. அது ஒருவர் யார் என்பது. டிராக் ஒருவர் ஆடுவது. (ஆனாலும் கோடு எப்போதும் இவ்வளவு நேராக இருந்ததில்லை, நியூயார்க்கின் உரிமைப் போராளிகளான மார்ஷா ஜான்சனும் சில்வியா ரிவேராவும் தங்களை டிராக் குவீன் என்றே சொல்லிக்கொண்ட காலம் உண்டு.) ‘பேடி’ பழைய சொல். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் காமன் ஆடிய பேடியாடலும் ஒன்று, ஆனால் இன்று அது வசவாகிவிட்டதால் தொட வேண்டாம்.

பேடியாடலைச் சொல்லும் அதே சிலப்பதிகார வரியில் இன்னொரு சொல் கிடக்கிறது: பெண்மைக் ‘கோலம்’. வாசலில் போடும் கோலம் இல்லை, மணக்கோலத்தில் வருகிற கோலம். ஸ்ரீரங்கத்தில் பகல்பத்தின் பத்தாம் நாள் பெருமாள் மோகினியாக வருவதை நாச்சியார் திருக்கோலம் என்கிறோமே, அது. உள்ளே யார் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்துதான் பார்க்கிறோம். அதனால் கலைக்குப் பெண்கோலம், ஆண்கோலம் என்பவை என் தேர்வு. பொதுப்பெயராக ‘டிராக்’ என்றே தமிழில் எழுதினாலும் ஒன்றும் கெட்டுவிடாது. ‘கோலக்கலைஞர்’ மட்டும் வேண்டாம், மார்கழியில் குழப்பம் வரும்.

ஆடுகிறவருக்கு நாடக மேடையே பேர் வைத்திருக்கிறது, ஸ்திரீபார்ட். அவ்வையாராக நடித்து அவ்வை சண்முகம் ஆனவரை நினைத்துக்கொள்ளுங்கள். டிராக் கிங்குக்கு ராஜபார்ட், கே.பி. சுந்தராம்பாள் மேடையில் ராஜபார்ட் கட்டியவர், 1935-இல் படத்தில் நந்தனாராகவே வந்தவர். ஹார்லம் அப்பல்லோ தியேட்டரிலும் ஆடிய ‘ஜுவல் பாக்ஸ் ரெவ்யூ’ குழு, ‘25 ஆண்களும் ஒரு பெண்ணும்’ என்று விளம்பரம் செய்யும். ஜிகினா உடையில் வரிசையாக வருகிறவர்களில் நிஜப் பெண் யார் என்று கூட்டம் ஆட்டம் முழுக்கத் தேடும். கடைசியில்தான் தெரியும், அத்தனை நேரமும் கோட்டு சூட்டில் நின்று நிகழ்ச்சியை நடத்திய ஸ்டோர்மே டிலார்வரிதான் அந்தப் பெண்.