சுண்ணாம்பில் நின்ற சுவருக்குச் சிமெண்ட் பூசாதீர்கள்

சுவரில் ஈரம் ஏறுகிறது, உட்பூச்சு உதிர்கிறது என்று ஒரு கிராமத் தேவாலயத்திலிருந்து அழைப்பு வந்தால், மழை பெய்யும் நாளாகப் பார்த்துச் சென்று, உள்ளே நுழைவதற்கு முன் கட்டடத்தை வெளியே ஒருமுறை சுற்றி வருவது என் வழக்கம். பழங்கட்டடப் பராமரிப்பில் மழைநாள் சொல்லித்தருவதை வெயில்நாள் சொல்வதில்லை. இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிறு தேவாலயத்தில் அப்படிச் சுற்றி வந்தபோது, வடபுறக் கூரையோர வாய்க்கால் இலைகளால் அடைபட்டு, நீர் முழுவதும் சுவரின்மேல் வழிந்துகொண்டிருந்தது. அதைவிட வருத்தம் தந்தது சுவரின் முகம். முந்தைய தலைமுறையினர் நல்லெண்ணத்தோடு கல் இணைப்புகள் அனைத்திற்கும் சிமெண்ட் பாயிண்டிங், அதாவது கற்களுக்கிடையிலுள்ள இடைவெளிகளைச் சாந்தால் நிரப்பி மூடும் வேலை, செய்திருந்தார்கள். கற்கள் பொடிந்து ஒரு விரற்கடை உள்ளே போய்விட, சிமெண்ட் மட்டும் தேன்கூட்டின் அறைச்சுவர்களைப் போல வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

இது ஏன் நேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ளச் சுவரின் உள்ளமைப்பை அறிய வேண்டும். இடைக்காலக் கிராமத் தேவாலயத்தின் சுவர் பெரும்பாலும் ஒரே கனமான கல் அன்று. உள்ளும் புறமும் இரண்டு கல்முகங்களை எழுப்பி, நடுவில் உடைகற்களையும் சுண்ணாம்புச் சாந்தையும் கொட்டி நிரப்பியதே அது. அடித்தளத்தில் ஈரத்தடுப்பு எதுவும் கிடையாது. மண்ணிலிருந்தும் மழையிலிருந்தும் நீர் உள்ளே வரத்தான் செய்யும். வந்த நீர் கல்லைவிட மென்மையான, நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்பு இணைப்புகள் வழியே ஆவியாக வெளியேறிவிடும் என்பதே அந்தக் கட்டுமானத்தின் கணக்கு. நீரோடு கரைந்து வரும் உப்பு படிகமாகும்போதும், உறைபனியில் நீர் ஏறக்குறைய 9 விழுக்காடு விரியும்போதும் முதலில் சிதைவது சாந்துதான். சாந்தைச் சுரண்டியெடுத்துப் புதிதாக நிரப்பலாம். 800 ஆண்டுக்காலக் கல்லை அப்படி நிரப்ப முடியாது. 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லாந்து சிமெண்டின் வழிவந்த இன்றைய சிமெண்ட், இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிடுகிறது. இணைப்பு அடைபட்டதும் ஈரம் வேறு வழியின்றிக் கல்லின் வழியே வெளியேறுகிறது; உப்பும் பனியும் கல்லையே உடைக்கின்றன.

கல் காப்பாற்றப்பட்டால் என்ன மிஞ்சும் என்பதற்கு ஹெர்ஃபோர்ட்ஷயரில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய கில்பெக் சிற்றூரிலுள்ள புனித மரியாள், புனித டேவிட் தேவாலயத்தைவிடச் சிறந்த சான்றை நான் கண்டதில்லை. ஏறக்குறைய 1140இல் உள்ளூர்ச் செம்மணற்கல்லால் கட்டப்பட்ட இது மிகச் சிறிய கட்டடம்: மக்கள் கூடும் நடுக்கூடம், அதையடுத்துக் குருக்கள் நிற்கும் பகுதி, கிழக்கே பலிபீடத்தைத் தழுவிய அரைவட்ட முனை, நார்மன் மன்னர்கள் இங்கிலாந்தை ஆண்ட காலத்து மூன்றறைத் திட்டம் இன்றும் அப்படியே இருக்கிறது. தென்வாயிலுக்கு மேலுள்ள அரைவட்டக் கல்லில் கிளைபரப்பிய செடி ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. வாயிற்தூண்களில் கொடிகளுக்கிடையே சிக்கி நிற்கும் வீரர்களும், ஒன்றையொன்று கவ்விய பாம்புகளும் உள்ளன. கூரையடியில் கட்டடத்தைச் சுற்றிலும் 80க்கும் மேற்பட்ட தாங்குகற்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்றில் நாயும் முயலும் தோளோடு தோள் சேர்ந்து நம்மைப் பார்க்கின்றன. அந்த முகங்களில் சிற்பியின் உளிக்கு இருந்த கனிவை இன்றும் காணலாம். மணற்கல்லில் இத்தனை நுட்பம் நிலைத்ததற்குக் கல்லின் தரம் ஒரு காரணம். மற்றொரு காரணம் எளியது: தென்வாயிலின் முன் நெடுங்காலம் மரத்தாலான முகமண்டபம் ஒன்று நின்று மழையைத் தடுத்தது, இப்போது வாயிலின் மேல் ஒடுங்கிய கூரை ஒன்று அதே வேலையைச் செய்கிறது.

எல்லாத் தேவாலயங்களுக்கும் அந்தப் பேறு கிடைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் புதுப்பித்தல் என்ற பெயரில் உட்சுவர்களின் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கல் தெரியும்வரை சுரண்டினார்கள். 16ஆம் நூற்றாண்டுப் புராட்டஸ்டண்ட் சமயச் சீர்திருத்தக் காலத்தில் வெள்ளையடித்து மறைக்கப்பட்டதனாலேயே தப்பிப் பிழைத்திருந்த இடைக்காலச் சுவரோவியங்கள் பல அந்தப் பூச்சோடு சேர்ந்து அழிந்தன. இதைக் கண்டு கொதித்த கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். பழையதைப் பழைய நிலைக்கு மீட்பதாகச் சொல்லி மாற்றாதீர்கள், அன்றாடக் கவனிப்பால் சிதைவைத் தள்ளிப்போடுங்கள் என்ற அவர்களுடைய வேண்டுகோளை என் தொழிலின் முதல் பாடமாகவே கருதுகிறேன்.

அன்றாடக் கவனிப்பு என்பது பெரிய செலவன்று. இலையுதிர்காலம் முடிந்ததும் வாய்க்காலையும் மழைநீர்க் குழாயையும் துப்புரவு செய்வதும், சுவரடியில் மேடேறிய மண்ணை விலக்குவதும், நழுவிய கூரை ஓடுகளை உடனே சரிசெய்வதும்தான் அதில் பெரும்பகுதி. இங்கிலாந்துத் திருச்சபையின் தேவாலயங்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி பெற்றவர் ஆய்வு செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு 1955ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அந்த அறிக்கையை அலமாரியில் வைத்துவிடாமல், நிர்வாகக் குழுவினர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். பாயிண்டிங் போன்ற வேலைகளுக்கு, மறைமாவட்டத்திடம் என்ன அனுமதி வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டறிந்த பின்னரே கொத்தனாரை அழைக்க வேண்டும்.

சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை தேவை. சுட்டு நீர்த்த சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாக இறுகுகிறது. கடுங்குளிரில் அது இறுகாது என்பதால், உறைபனிக் காலத்தில் இந்த வேலையை யாரேனும் செய்து தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அவசரத்திற்காகச் சுண்ணாம்போடு ஒரு கை சிமெண்ட் சேர்த்தால் போதும் என்ற யோசனையையும் ஏற்க வேண்டாம். நம் ஊர்களில் சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதன்று.

முதலில் சொன்ன தேவாலயத்தில் வாய்க்காலைச் சீர்செய்ததும் நான் கேட்டுக்கொண்டது, சுவரைத் தொடாமல் ஒரு கோடைக்காலம் உலரவிடுங்கள் என்பதுதான். அதன் பிறகு, தளர்ந்திருந்த சிமெண்டைச் சிற்றுளியால் கையாலேயே பெயர்த்துச் சுண்ணாம்பு நிரப்பினோம். கல்லை இறுகப் பற்றியிருந்த இடங்களில், பெயர்த்தால் கல்லின் விளிம்பும் உடன் வரும் என்பதால், சிமெண்டை அப்படியே விட்டுவிட்டோம். அடுத்த ஐந்தாண்டு ஆய்வில் முதலில் பார்க்க வேண்டியவை என்று அந்த இடங்களை வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.