எக்ஸ்டென்ஷன்: உள்ளிணைப்பு எண்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் ஹோட்டல் முகப்பிலும் கிளினிக்கிலும் பள்ளி அலுவலகத்திலும் நாள்தோறும் புழங்கும் சொல் 'எக்ஸ்டென்ஷன்'. ஒரு நிறுவனத்தின் பொது எண்ணுக்கு வரும் அழைப்பை உள்ளே இருக்கும் குறிப்பிட்ட தொலைபேசிக்குக் கொண்டுசேர்க்கும் சிறிய எண்ணை அது குறிக்கும். மலாயில் இதனைச் 'சம்புங்கான்' என்பர். 'சம்புங்' என்றால் ஒன்றோடு ஒன்றை இணைத்தல்.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'வெளியே நீட்டுதல்' என்பது அதன் பொருள். ஒரே கம்பியை அடுத்த அறைவரை இழுத்து மற்றொரு கருவியைப் பொருத்திய வழக்கத்திற்கு அப்பெயர் நன்கு பொருந்தியது. ஆனால் 'நீட்டிப்பு எண்' என்று அப்படியே தமிழாக்கினால், விசா நீட்டிப்பையும் பணி நீட்டிப்பையும் அன்றாடம் கேட்கும் நமக்கு அது கால நீட்டிப்பாகவே ஒலிக்கும். 'கிளை எண்' என்பது அழகிய சொல்லே. எனினும் வங்கிக் கிளையோடு மயங்கும். 'உள்ளிணைப்பு எண்' என்பதே தக்கது என்பது என் துணிபு. வெளியே அழைப்பதற்கான 'வெளியிணைப்பு' என்னும் எதிர்ச்சொல் அதனோடு இயல்பாகவே அமைந்துவிடுகிறது என்பதோடு, ஹோட்டலுக்கு எண் வகுக்கும் வேலை முழுவதும் இந்த உள், வெளி வேறுபாட்டின்மீதே நிற்கிறது.

அறை எண்ணையே உள்ளிணைப்பு எண்ணாக வைப்பது பெருவழக்கு. 205ஆம் அறைக்கு 205 என்றிருந்தால் விருந்தினர் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை; அழைப்புக் கட்டணமும் உரிய அறையின் கணக்கில் ஏறும். முகப்பிற்கு 0, வெளியிணைப்பிற்கு 9 என ஒதுக்கிவிட்டால், அவ்விரண்டில் தொடங்கும் எண் எந்த அறைக்கும் இருத்தலாகாது. 20 என்றொரு எண்ணும் 205 என்றொரு எண்ணும் ஒருங்கே இருப்பின், 20 அழுத்தியதும் அடுத்த இலக்கம் வருமா என்று கருவி சில நொடிகள் காத்திருக்க நேரும். ஆகவே அறை எண்கள் யாவும் ஒரே நீளத்தில் இருப்பது நல்லது.

நம் நாட்டுக் கட்டடங்கள் பலவற்றில் நான்காம் எண்ணை அமங்கலம் எனக் கருதித் தவிர்த்து '3ஏ' என்று எழுதும் வழக்கம் உண்டு. தொலைபேசியின் பொத்தான்களில் அந்த 'ஏ'யைத் தனியே அழுத்த வழியில்லை. 3ஏ மாடியின் ஏழாம் அறைக்கு 407 என்று உள்ளிணைப்பு வழங்கி, அதை அந்த அறையின் தொலைபேசியிலேயே ஒட்டிவைக்க வேண்டும்.

இவை அனைத்தினும் முதன்மையானது அவசர எண். வெளியிணைப்பிற்கு 9 என்றிருக்கும் ஹோட்டலில் ஒருவர் பதற்றத்தில் நம் அவசர எண்ணான 999ஐ அழுத்தினால், முதல் 9 வெளியிணைப்பைப் பெறுவதிலேயே செலவாகி, எஞ்சிய 99 மட்டுமே வெளியே செல்லும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 2013இல், விடுதி அறையில் தாய் தாக்கப்பட்டபோது ஒன்பது வயதுச் சிறுமி அந்நாட்டு அவசர எண்ணான 911ஐத் திரும்பத் திரும்ப அழுத்தியும், முன்னால் 9 சேர்க்காததால் அழைப்பு வெளியே போகவில்லை, தாய் உயிரிழந்தார். அதன் விளைவாக, முன்னிலக்கம் எதுவுமின்றி அவசர எண் நேரே செல்ல வேண்டும் என்று அமெரிக்கா முழுவதற்குமாக 2018இல் சட்டம் இயற்றப்பட்டது. நம் ஹோட்டல்காரர்களும் எண் திட்டத்தைத் தீட்டும் அன்றே, 999, முன்னால் 9 சேர்த்த 9999 ஆகிய இரண்டும் அவசர சேவைக்கே செல்லுமாறும், எந்த அறையிலிருந்து அழைப்பு போயிற்று என்பது முகப்பில் உடனே தெரியுமாறும் அமைத்துத் தரும்படி பொருத்துநரிடம் கேட்டுப் பெற வேண்டும்.