மரவாயுவில் ஓடும் கார்: ஆபத்து, வண்டி நின்ற பிறகுதான்

விறகையும் கரியையும் போட்டுக் காரை ஓட்ட முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதே பதில். இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் ஐரோப்பாவில் லட்சக்கணக்கான வண்டிகள் இப்படித்தான் ஓடின. ஜெர்மனியில் மட்டும் போர் முடியும் தறுவாயில் ஏறத்தாழ 5 லட்சம் வண்டிகள், விறகைக் காற்றுப் போதாமல் எரித்து எடுக்கும் மரவாயுவை நம்பியிருந்தன. நமக்கும் இது புதிதல்ல. மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் அந்தக் காலத்தில் வாகனங்களுக்கான கேஸ்பிளாண்ட்டை, அதாவது விறகையோ கரியையோ வாயுவாக்கும் கலனை, தானே வடிவமைத்துத் தயாரித்தது. பின்பக்கம் உருளை நிற்க, ஏற்றத்தில் திணறிய கரி பஸ்ஸைப் பற்றித் தொண்ணூறை நெருங்கிய பெரியவர்கள் யாரேனும் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

எஞ்சின் பழுதுபார்ப்பதும், ஆலைகளில் உள்ள கேஸ்பிளாண்ட்டுகளைப் பராமரிப்பதும் என் தொழில். காணொளிகளைப் பார்த்துவிட்டு, சீமைக் கருவேலம் சும்மா கிடக்கிறது, பெட்ரோல் விற்கிற விலைக்கு இதைச் செய்து பார்த்தால் என்ன என்று கேட்டு வரும் இளைஞர்கள் இப்போது அதிகம். அவர்கள் கேட்பதெல்லாம் வண்டி எவ்வளவு வேகம் போகும், எவ்வளவு விறகு பிடிக்கும் என்பதைப் பற்றித்தான். வண்டியை நிறுத்திய பிறகு அந்தக் கலனுக்குள் என்ன நடக்கும் என்று கேட்டவர்கள் அரிது. கேட்க வேண்டிய கேள்வியோ அதுதான்.

கலனுக்குள் மேலே போடும் விறகு முதலில் காய்கிறது. பிறகு காற்று போதாத சூட்டில் கருகிப் புகையையும் தாரையும் விடுகிறது. அதற்குக் கீழே, காற்று நுழையும் துளைகளுக்கு அருகில், ஒரு பகுதி 1000 டிகிரிக்கு மேல் எரிகிறது. அங்கே உண்டாகும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் செங்கனலாக இருக்கும் கரிப்படுகையின் ஊடே இழுக்கப்படும்போது கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகின்றன. எஞ்சினை ஓட்டுவது இந்த இரண்டும்தான். வெளிவரும் வாயுவில் ஏறத்தாழப் பாதி, எரியாத நைட்ரஜன். ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு. அதாவது, சமையல் கேஸைப் போல் தீப்பிடிக்குமே என்று மட்டும் அஞ்ச வேண்டிய வாயு அல்ல இது. நிறமும் மணமும் இல்லாத நஞ்சே இதன் எரிபொருள்.

எஞ்சின் ஓடும் வரை அதன் உறிஞ்சலால் கலனுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருக்கும். மூடியிலோ குழாய் இணைப்பிலோ சிறு ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். வாயு வெளியே வராது. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்த கணத்தில் இந்த நிலை தலைகீழாகிறது. உறிஞ்சல் நின்றுவிடுகிறது, கனல் நிற்பதில்லை. மேலடுக்கில் உள்ள விறகு தொடர்ந்து கருகிக்கொண்டே இருப்பதால் உள்ளே அழுத்தம் கூடி, ஓட்டும்போது கண்ணில் படாத அதே ஓட்டை வழியாக வாயு கசியத் தொடங்குகிறது. விறகு வாயுவிலாவது புகை நெடி காட்டிக்கொடுக்கும். மூட்டம் போட்டு நன்றாக வெந்த கரியின் வாயுவில் அந்த எச்சரிக்கையும் கிடையாது.

சோழவந்தான் பக்கத்திலிருந்து அண்ணன் தம்பி இருவர் பழைய கார்புரேட்டர் ஆம்னி ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது. வெல்டிங் சுத்தமாக இருந்தது, காற்றையும் வாயுவையும் கலக்கும் வால்வுகூடத் தாங்களே கடைந்து செய்தது. ஆனால் கலனை வண்டிக்குள்ளேயே, பின்சீட்டைக் கழற்றிய இடத்தில் வைத்திருந்தார்கள். விறகு போடும் மூடிக்கு, கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டாகச் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அது சூட்டில் சுருங்கி, ஒருபக்கம் விரல்நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. தலைவலி ஏதும் வருகிறதா என்று கேட்டேன். "வெயில்ல ஓட்டுறோம்ல சார், வரத்தான செய்யும்" என்றார் தம்பி. இரவில் வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டபோது, வீட்டோடு சேர்ந்த தகரக் கொட்டகையில் என்றும், அப்பா அங்கேதான் கட்டில் போட்டுப் படுப்பார் என்றும் சொன்னார்கள். எஞ்சினைத் தொடுவதற்கு முன்பாகக் கலனைக் கழற்றி வெட்டவெளியில் வைக்கச் சொன்னேன்.

கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். சுவாசிக்கும் காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே ஓரிரு மணி நேரத்தில் நினைவு தப்பும். நூற்றில் ஒரு பங்கைத் தாண்டினால் சில நிமிடங்களில் உயிர் போகும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் தள்ளாட்டம் என்று தொடங்குவதால் பித்தம் என்றோ வெயில் என்றோ பலர் விட்டுவிடுகிறார்கள். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டரை இதில் நம்பவே கூடாது. நஞ்சேறிய ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணி, 98 என்று காட்டும். பாதிக்கப்பட்டவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். கரிவாயுவைச் சுவாசித்தவர் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் இந்த நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அது நடக்கும்.

இன்னொரு பழக்கத்தையும் கண்டித்தே சொல்ல வேண்டும். ஓட்டி முடித்த சூட்டோடு, விறகு எவ்வளவு மிச்சம் என்று பார்க்க மூடியைத் திறப்பார்கள். உள்ளே இருக்கும் வாயுவோடு காற்று கலந்து, கீழே இருக்கும் கனல் அதைப் பற்றவைத்தால் தீ குபீரென்று முகத்துக்கு நேராகத்தான் வரும். சாம்பல் எடுக்கும் அவசரத்தில் தண்ணீர் ஊற்றுவது அதைவிட மோசம்; செங்கனலில் விழும் நீர், நெருப்பை அணைப்பதற்கு முன் மேலும் ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் உண்டாக்கிவிடும்.

இவ்வளவுக்கும் கிடைப்பது என்ன? 1 லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாக ஏறத்தாழ 3 கிலோ உலர்ந்த விறகு வேண்டும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், கைப்பிடி அளவுத் துண்டுகளாக நறுக்கவும் வேண்டும். எஞ்சினின் இழுவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஈர விறகைப் போட்டால் கனல் தணிந்து, தார் சூட்டில் சிதையாமல் அப்படியே எஞ்சினுக்குள் வரும். அந்த ஆம்னியில், எஞ்சினுக்குள் வாயு போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் கருந்தார் பிசின்போல் படிந்திருந்தது. வால்வு ஒன்று கைடிலேயே இறுகி, சுத்தியலால் தட்டித்தான் இறக்க வேண்டியதாயிற்று. நிலக்கரியோ இன்னும் தொல்லை: அதில் உள்ள கந்தகமும், உருகிக் கட்டியாகும் சாம்பலும் சிறிய கலனுக்கு ஒத்துவராது.

சட்டமும் இதற்கு இடம் தருவதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக உரிமையாளர் தம் விருப்பப்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கோரிக்கை சிக்கலாவதற்கு அதுவே போதும்.

கேஸ்பிளாண்ட்டே வேண்டாம் என்பது என் கருத்தன்று. நாற்புறமும் திறந்த கொட்டகையில், ஒரே வேகத்தில், ஓர் ஆள் கூடவே நின்று பார்த்துக்கொள்ள ஓடும் பம்ப்செட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் அது தகும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் பல ஆண்டுகளாக இந்தத் துறையில் உழைத்திருக்கிறது. அந்தச் சகோதரர்களின் கலனும் இப்போது தோப்பில், பழைய பெட்ரோல் எஞ்சின் ஒன்றோடு கிணற்று மேட்டில் இருக்கிறது. மூடிக்குச் சூடு தாங்கும் கயிற்றுக் கேஸ்கட் போட்டாயிற்று. வாயுவைக் குளிரவைக்கும்போது சேரும் தார்த் தண்ணீரை மட்டும் வாய்க்காலில் திறந்துவிடுகிறார்கள். அதில் பீனால் என்ற நஞ்சு இருக்கிறது, வாய்க்கால் கண்மாய்க்குப் போகிறது, எனவே தனித் தொட்டி கட்டச் சொல்லியிருக்கிறேன்.