விரல் எவ்வளவு அழுத்தலாம்?

கட்டியை அமுக்கிப் பார்த்தால் புற்றுநோய் பரவிவிடும் என்று பயந்து மார்பைத் தொடவே தயங்குபவர்கள் உண்டு. தடவிப் பார்ப்பதால் அப்படி எதுவும் நேராது. கைபட்டுக் கெடும் இடங்கள் வேறு.

முதல் தவறு, கிள்ளிப் பார்ப்பது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தால் நல்ல சுரப்பித் திசுவே மடிந்து கட்டிபோலத் தட்டுப்படும். மல்லாந்து படுத்து, பார்க்கும் பக்கத்துக் கையைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டால் மார்பகம் விலா எலும்பின்மேல் மெல்லிதாகப் பரவும். மறு கையின் நடு மூன்று விரல்களை, நுனியால் குத்தாமல் அதற்குக் கீழுள்ள சதையால் பதித்து, நாணய அளவுக்குச் சிறு வட்டமாகச் சுழற்ற வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று அழுத்தம்: தோல் மட்டும் அசையும் அளவு, அடுத்து நடு ஆழம், கடைசியாக விலா தட்டும்வரை. அக்குளில் தொடங்கி நெஞ்செலும்புவரை, மேலும் கீழுமாக உழவுச்சால் போல நகர வேண்டும். அடிமடிப்பில் வரப்புபோல் தடிப்பாக இருப்பது இயல்புதான்.

மாதவிலக்கு தொடங்கிய 7 முதல் 10 நாளுக்குள் பார்ப்பது நல்லது. விலக்குக்கு முந்தைய வாரம் ஹார்மோனால் நீர் கோத்து மார்பு முழுக்க உண்டை உண்டையாகத் தோன்றும். காம்பைப் பிழிய வேண்டாம். பிழிந்தால் நலமாக இருப்பவருக்கும் சொட்டு வரும். தானாக, ஒரே துளையிலிருந்து, ரத்தம் கலந்தோ தண்ணீர்போலத் தெளிவாகவோ வந்தால்தான் கவலை. வலியில்லாத கெட்டிக் கட்டி, தோலில் குழி, புதிதாக உள்ளிழுத்த காம்பு, ஆறாத செதில் புண் ஆகியவற்றுக்கு அடுத்த மாதம்வரை காத்திருக்கக் கூடாது.

ஆனால் மாதாமாதம் கணக்கு வைத்துப் பார்த்தால் உயிர் காக்குமா? ஷாங்காயில் 2,66,064 நெசவாலைப் பெண்களை இரு பிரிவாக்கிப் பத்தாண்டு கவனித்தார்கள். 2002-இல் வெளியான முடிவின்படி, முறையாகக் கற்றுக்கொண்ட பிரிவில் மார்பகப் புற்றால் இறந்தவர் 135 பேர், கற்காத பிரிவில் 131 பேர். கூடியது, தீங்கற்ற கட்டிகளுக்கான வீண் பயாப்ஸிகள்தான் (திசுவை வெட்டியெடுத்துச் செய்யும் சோதனைகள்). இதனால்தான் இப்போது தேதி குறித்த சோதனையைவிட, தன் மார்பின் வழக்கமான தோற்றத்தையும் தொடுஉணர்வையும் அறிந்திருப்பதையே மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். தடவிப் பார்த்து ஒன்றும் தட்டுப்படவில்லை என்பதற்காக மேமோகிராமை, அதாவது மார்பக எக்ஸ்ரேயை, தள்ளிப்போடுவது, என் கணக்கில், இதிலுள்ள பெரிய ஆபத்து.

மசாஜ் விஷயத்தில் அழுத்தமே வினை. பால் கட்டிக்கொண்டால் சுடுநீர் ஒத்தடம் கொடுத்து, கட்டி கரையும்வரை பிசைவது நம் வீட்டுப் பழக்கம். உள்ளே பெரும்பாலும் நடப்பது குழாயில் அடைப்பு அல்ல. சுற்றியுள்ள திசு வீங்கிக் குழாயை நெருக்குகிறது. பிசையப் பிசைய நுண்ணிய ரத்தக்குழாய்கள் சிதைந்து வீக்கம் ஏறும், பால் இன்னும் இறுகும். 2022-இல் தாய்ப்பால் மருத்துவ அகாடமி வெளியிட்ட நெறிமுறை இதைத் தலைகீழாக்கியது: குளிர் ஒத்தடம், குழந்தை கேட்கும் அளவுக்கு மட்டும் பால், காலி செய்ய வேண்டுமென்று கூடுதலாகப் பம்ப் செய்யாமை. தடவுவதென்றால் பூனையை வருடுவதுபோல, தோல் மட்டத்தில், அக்குள் நோக்கி. காய்ச்சல் வந்து ஒரு நாளில் தணியாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

பச்சிளங்குழந்தையின் மார்பு வீங்கியிருந்தால் 'பால் எடுக்க' அமுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அம்மாவின் ஹார்மோனால் வந்த வீக்கம் அது. அமுக்கினால் கிருமி புகுந்து சீழ் பிடிக்கலாம். விட்டுவிட்டால் சில வாரங்களில் தானே வற்றும்.